வயசுக்கு வந்ததும் கோடை விடுமுறை முடிந்து விடுகிறதா?
ஜப்பான் சித்திரப் படமும் உத்திரமேரூர் பக்கத்துப் பெண் பிள்ளைகளும்

ஒரு பள்ளிக்கூடம். அதில் மொத்தம் 5 பேர் படிக்கிறார்கள்!

5 பேரும் ஒரே அறையில்தான் உட்கார வேண்டும். 1-ம் வகுப்பில் ஒரு சிறுமி. 5-ம் வகுப்பில் ஒருத்தி. 7-ல் ஒருத்தி. 8-ல் ஒருத்தி. 9-ம் வகுப்பில் ஒரே ஒரு பையன். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவரவர் பாடத்தை அவரவர் படித்துக்கொள்ள வேண்டியதுதான். டீச்சரம்மா பாதி நேரம் தூங்கி வழிவார்.

இது எந்த ஊர் என்று கேட்கிறீர்களா? ஜப்பானில் ஒரு மலைக் கிராமம். ஆனால் நிஜக் கிராமம் அல்ல. சித்திரப் படத்தில் வரும் கிராமம்.

படத்தின் பெயர் "நோன் நோன் பியோரி". அவசரம் இல்லாத நல்ல நாள் என்று ஏறக்குறையப் பொருள் சொல்லலாம். அட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் 2009-ல் படக்கதையாக வரையத் தொடங்கினார். 2013-ல் அது டெலிவிஷன் தொடர் ஆனது. 2015-லும் 2021-லும் மறுபடி தொடர்ந்தது. நடுவில் 2018 ஆகஸ்டு மாதம் சினிமாவாகவும் வந்தது.

இந்தப் படத்தில் சண்டை இல்லை. பேய் இல்லை. வில்லன் இல்லை. 4 பெண் பிள்ளைகள் வயல் வரப்பில் நடக்கிறார்கள். ஓடையில் கால் நனைக்கிறார்கள். தின்பண்டக் கடைக்குப் போய் அக்காவை நச்சரிக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவ்வளவுதான் கதை!

"இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

தமிழ் பேசும் ஜப்பான் படங்கள்

ஜப்பான் சித்திரப் படம் நமக்குப் புதியது அல்ல. குறும்புக்காரன் ஷின்சானைத் தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் குறைவு. 2025 ஜனவரியில், ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து 1992-ல் முடித்த ராமாயணச் சித்திரப் படம், தமிழிலும் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம், பள்ளி விடுமுறையில், ஷின்சானும் குட்டி டைனோசரும் கோடை விடுமுறையைக் கழிக்கும் படம் வந்தது. செப்டம்பரில் அரக்கர்களை வாளால் வெட்டும் "டீமன் ஸ்லேயர்" தமிழ் பேசியது. அதற்குப் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

ஆனால் "நோன் நோன் பியோரி" போன்ற அமைதியான படங்களைப் பெரும்பாலும் ஜப்பானியப் பேச்சோடு, அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கையில் போன் இருந்தால் போதும். எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காஞ்சீபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் விற்கும் போன்களை அங்கே பூட்டுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும் பகுதியினர் இளம் பெண்கள். கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அக்கா பூட்டுகிறாள். ஆனால் தங்கை படம் பார்ப்பது அந்தப் போனில் அல்ல. அந்தப் போனின் விலை அக்காவின் பல மாதச் சம்பளம்!

ரெங்கே அழுத கதை

படத்தில் 1-ம் வகுப்புச் சிறுமியின் பெயர் ரெங்கே. டீச்சரம்மாவின் தங்கைதான் அவள். அந்த ஊரில் அவள் வயதில் வேறு குழந்தையே இல்லை. அவளுக்குத் தோழிகள் எல்லாரும் மூத்தவர்கள்.

ஒரு கோடை விடுமுறை. வெளியூரில் இருந்து பாட்டி வீட்டுக்கு ஒரு சிறுமி வருகிறாள். பெயர் ஹொனோக்கா. கையில் ஒரு கேமரா. அவளும் 1-ம் வகுப்பு!

ரெங்கேக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தன் வயதில் ஒரு தோழி! இரண்டு பேரும் ஊர் முழுக்கச் சுற்றுகிறார்கள். படம் பிடிக்கிறார்கள். நாளைக்கும் விளையாடலாம் என்று சொல்லிப் பிரிகிறார்கள்.

ஒரு நாள் காலையில் ரெங்கே போய்க் கதவைத் தட்டுகிறாள். பாட்டி வருகிறார். "அவள் ஊருக்குப் போய்விட்டாளே, அப்பாவுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது" என்கிறார்.

ரெங்கே அப்படியே நிற்கிறாள். படமும் அப்படியே நிற்கிறது. பின்னணிப் பாட்டு இல்லை. வசனம் இல்லை. அந்த முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். மெல்லக் கண்ணீர் வருகிறது. கொஞ்ச நாள் கழித்து ஹொனோக்காவிடம் இருந்து கடிதம் வருகிறது. உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் போட்டோ.

இதைப் பார்த்து அழாதவர்கள் கல் நெஞ்சுக்காரர்கள். குழந்தையின் சிநேகம் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். பெரியவர்கள் வேலை, பெரியவர்கள் பயணம், பெரியவர்கள் அவசரம். அதில் குழந்தையின் சிநேகிதத்தை யாரும் கேட்பது இல்லை.

2018-ல் வந்த சினிமாவில் இதே விஷயம், ஆனால் வயது கூடுதல். கடைக் குலுக்கலில் பரிசு விழுந்து எல்லாரும் ஒக்கினாவா என்ற தீவுக்குப் போகிறார்கள். அங்கே தங்கும் விடுதி வீட்டில் அவோய் என்ற பெண் இருக்கிறாள். 7-ம் வகுப்பு நட்சுமிக்கும் அவளுக்கும் ஒரே வயது. விடுதி அவோயின் சொந்த வீடு. அதனால் நட்சுமி விளையாட வந்த இடத்தில் அவோய் பரிமாறுகிறாள், பெருக்குகிறாள், துடைக்கிறாள். வேலை முடிந்த நேரத்தில் இரண்டு பேரும் பந்து மட்டை ஆடுகிறார்கள். சில நாள்தான். ஊருக்குப் புறப்படும்போது, எப்போதும் கேலி பேசும் நட்சுமிக்கு அழுகை வந்துவிடுகிறது.

வீட்டு வேலை செய்துவிட்டு மிச்ச நேரத்தில் சிநேகிதியைத் தேடும் பெண் பிள்ளையை நாம் ஒக்கினாவாவில் தேட வேண்டியது இல்லை. நம் தெருவிலேயே இருக்கிறாள்.

படத்தில் இருக்கிறது, ஊரில் இல்லை

இப்படிப்பட்ட படத்தை ஜப்பானியர் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்? இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

படத்தில் வரும் பள்ளிக்கூடத்துக்கு மாதிரியாக ஒரு நிஜப் பள்ளிக்கூடம் இருக்கிறது. டோக்கியோவுக்கு வடமேற்கே, சைத்தாமா மாநிலத்தில், ஒகாவா என்ற ஊரின் கிளைப் பள்ளி அது. மரக் கட்டடம். படித்த பிள்ளைகள் குறைந்துபோய் 2011-ல் அதை மூடிவிட்டார்கள். படம் வந்ததே 2013-ல்தான்! அதாவது மூடிய பள்ளிக்கூடத்தில் 5 குழந்தைகளைச் சித்திரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். படம் பார்த்த ரசிகர்கள் இப்போது அந்தக் கட்டடத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஜப்பானில் 2002 முதல் 2020 வரை ஏறக்குறைய 9 ஆயிரம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1949-ல் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் 26 லட்சத்து 96 ஆயிரம். 2024-ல் பிறந்தவை 6 லட்சத்து 86 ஆயிரம்தான். ஷிக்கோக்கு தீவில் நகோரோ என்று ஒரு கிராமம். அங்கே 2012-ல் பள்ளிக்கூடம் மூடிய பிறகு, வகுப்பறை பெஞ்சுகளில் துணியால் செய்த பொம்மைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். கரும்பலகை இருக்கிறது. படிக்கத்தான் பிள்ளை இல்லை.

"நமக்கு என்ன? நம் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொல்லலாம். சரிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை பிறந்தால்தான் மக்கள் தொகை குறையாமல் நிற்கும். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டுக் கணக்கு 1.3. ஜப்பானில் 2024-ல் 1.15. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை.

நம்மிடம் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோடை எங்கே?

ஜப்பான் பிள்ளையின் 40 நாள்

ஜப்பானில் கோடை விடுமுறை ஜூலை 20 வாக்கில் தொடங்கி, ஆகஸ்டு முடிய சுமார் 40 நாள். அங்கும் வீட்டுப் பாடம் உண்டு. டியூஷனும் உண்டு. ஜப்பான் பிள்ளைகள் எல்லாரும் ஓடைக் கரையில் குதித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பட்டணத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு உருப்போடுவதில் நம்மை மிஞ்சியவர்கள்.

ஆனாலும் சில பழக்கங்கள் இருக்கின்றன. காலையில் தெருப் பிள்ளைகள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். ரேடியோவில் தேகப் பயிற்சிப் பாட்டு வரும். 1928-ல் தொடங்கிய வழக்கம் இது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் ஒரு முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைக்காகவே எழுந்து ஓடி வரும் பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று, நோட்டுப் புத்தகத்தில் படமும் எழுத்துமாக நாட்குறிப்பு எழுதுவது. மூன்றாவது ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "சுய ஆராய்ச்சி". எதைப் பற்றி என்று வாத்தியார் சொல்ல மாட்டார். பிள்ளையே ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். வண்டு எதைத் தின்கிறது? எறும்பு எந்தப் பக்கம் போகிறது? பார்த்து, எழுதி, பள்ளி திறந்ததும் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

உத்திரமேரூர்ப் பிள்ளைக்குக் கேள்விக்குப் பஞ்சமா? ஊர் நடுவில் வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தல் முறை அதில்தான் இருக்கிறது. ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட வாரியம் வைத்தார்கள். எந்த ஏரி? இப்போது எவ்வளவு தண்ணீர்? மதகு யார் திறக்கிறார்கள்? ஒரு கோடை முழுக்கத் தேடலாம்.

அந்தக் கல்வெட்டில் ஒரு விவரம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதை எடுக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை! அவ்வளவு பெரிய சபை, ஒரு பாலகன் கையை நம்பியது. (ஒக்கினாவாக் குலுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நினைவு வந்தது.)

நம் கோடை

நம் பக்கத்துக் கோடையும் மட்டமானது அல்ல. ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். இடையில் நுங்கு, மாங்காய், பல்லாங்குழி, தாயம், கபடி, கிணற்று நீச்சல்.

ஜப்பான் படத்தில் கோடைத் திருவிழாவும் வாணவேடிக்கையும் வந்தால் பிள்ளைகள் துள்ளுவார்கள். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா அதற்குச் சளைத்ததா? பங்குனி தொடங்கி, ஊருக்கு ஊர் நாள் மாறி நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள். இரவு விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் நெட்டுக்குத்தாக நிற்கும் மரத்தில் ஏறுவார். ஊரே அண்ணாந்து பார்க்கும். கடைசி நாள் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்து வதம். சாயங்காலம் தீ மிதி. பாய் ஒன்றை விரித்து, சிநேகிதர்கள் ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்து பார்த்த கூத்தை எந்த வயதிலும் மறக்க முடியாது.

கேள்வி இதுதான். அந்தப் பாயில் 14 வயதுப் பெண் இருக்கிறாளா? இருந்தால், அம்மா பக்கத்தில் இருக்கிறாளா, சிநேகிதி பக்கத்தில் இருக்கிறாளா?

சைக்கிள் எங்கே நிற்கிறது?

பையனுக்கு 14 வயதானால் கோடை பெரிதாகிறது. கிணறு, ஏரி, கிரிக்கெட், பக்கத்து ஊர்த் திருவிழா. பெண்ணுக்கு வயசுக்கு வந்தால் கோடை சுருங்குகிறது. பள்ளி நாளிலாவது சிநேகிதியைப் பார்க்கலாம். ஒன்றாகச் சைக்கிளில் போகலாம். விடுமுறை விட்டால் அதுவும் போச்சு! மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் அரசாங்கம் சைக்கிள் தருகிறது. பள்ளி நடக்கும்போது நாலு மைல் ஓடும் அந்தச் சைக்கிள், மே மாதம் முழுக்கத் திண்ணை ஓரம் சாய்ந்து கிடக்கிறது.

பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை என்றால் இன்னும் மோசம். விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. டியூஷனும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. டியூஷனுக்குப் போக மட்டும் பெண்ணை வெளியே விடுகிறார்கள். அதனால் சில பெண்களுக்கு டியூஷனே விளையாட்டு மைதானம் ஆகிவிட்டது. கணக்கு வருகிறதோ இல்லையோ, போகிற வழியில் பத்து நிமிஷம் பேசலாம் அல்லவா?

பெற்றோரைக் குற்றம் சொல்வது சுலபம். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏரியில் மண் எடுத்த பள்ளம் எங்கே என்று தண்ணீர் வந்தபிறகு தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் எங்காவது பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாமே பேப்பரில் படிக்கிறோம். அக்கினி நட்சத்திர வெயில் வேறு. குடித்துவிட்டுச் சாலையில் நிற்கும் ஆட்கள் வேறு. எல்லாவற்றையும் விட ஊர் வாய்! "அந்தப் பொண்ணு எங்கே சுத்துது?" என்று ஒரு பாட்டி கேட்டால் போதும், வீட்டில் கதவு சாத்தப்படும்.

ஆனால் பள்ளம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. பையனுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிறோம். பெண்ணை வீட்டில் வைக்கிறோம். ஆபத்தைச் சரி செய்வது ஒரு வழி. ஆளைப் பூட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதுக்குச் செலவு இல்லை. அதனால் அதையே செய்கிறோம்.

பூட்டி வைத்தால் பெண் பத்திரமாக இருக்கிறாள் என்பதும் நிச்சயம் இல்லை. கையில் போன் இருக்கிறதே! எதிரில் உட்கார்ந்து பேச ஒரு சிநேகிதி இல்லாதவள், முகம் தெரியாத யாரோ ஒருவனோடு பேசத் தொடங்குகிறாள். மனசில் உள்ளதை முதலில் சொல்ல ஓர் ஒத்த வயதுத் தோழி இருந்தால் பல வினைகள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அம்மாவிடம் சொல்லாததைத் தோழியிடம் சொல்வாள். நாம் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம்.

அந்தத் தோழமைக்குக் காலமும் அதிகம் கிடையாது. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில், 100-க்கு ஏறக்குறைய 13 பேருக்கு 18 வயது ஆகும் முன்பே கலியாணம் ஆகியிருந்தது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கு சொல்கிறது. மற்றவர்களில் சிலர் கம்பெனி பஸ் ஏறுவார்கள். பகல் ஷிப்டில் ஒருத்தி, இரவு ஷிப்டில் ஒருத்தி. சிலர் கல்லூரி போவார்கள். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. எப்படிப் பார்த்தாலும் 18 வயதுக்குப் பிறகு அந்தத் தெருச் சிநேகிதிகள் ஆளுக்கு ஒரு திசை. ரெங்கே கதவைத் தட்டியது போலத் தட்ட வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூட மைதானம் மே மாதம் காலியாகத்தான் கிடக்கிறது. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அதைத் திறந்து விடலாம். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்து உட்கார்ந்தால் போதும். சுய உதவிக் குழு இல்லாத கிராமம் ஏது? கிளை நூலகத்தில் பெண் பிள்ளைகள் சேர்ந்து உட்கார ஒரு மூலை. கூத்து நடக்கும் இரவில் சிநேகிதிகளுக்கு என்று ஒரு பாய். அம்மாக்கள் பின்னால் இருக்கட்டும். நீச்சல் தெரிந்த அத்தை ஒருத்தி இருந்தால், ஆழம் தெரிந்த கிணற்றில் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கலாம்.

மண் எடுத்த பள்ளத்துக்குப் பஞ்சாயத்துதான் பதில் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குப் பெண்ணைக் கூப்பிடவில்லை. இன்று தமிழ்நாட்டுச் சட்டத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 21 வயதானால் தேர்தலில் நிற்கலாம். 14 வயதில் ஏரிக்கரையைப் பார்க்க விடாமல் வளர்த்த பெண்ணை, 21 வயதில் ஏரியைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுவோமா?

படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் தொடரின் 4-வது பகுதியைப் பார்க்கலாம். ஹொனோக்கா வருவது அதில்தான். அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் உள்ள பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடியில் ஓடும் எழுத்தை அவள் படித்துச் சொல்வாள். அவள் சிநேகிதி வீடு பக்கத்தில் இருந்தால், அவளையும் வரச் சொல்லுங்கள்.